நான்கு குரல்களுக்கு ஒரு புலம்பல்

இருதயசெல்வியை விட்டு முதலில் போனது சாம்பிராணி வாசனை. போனதே அவளுக்குத் தெரியவில்லை. கோயிலுக்கு மட்டமான சாம்பிராணி வாங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உபதேசியாரிடமே கேட்டுவிட்டாள்.

"என்னங்க இது, கரித்தூளப் போடுறீங்களா? பொகதான் வருது, வாசனையே இல்ல."

உபதேசியாருக்குக் கோபம் வந்துவிட்டது. உள்ளே போய் பொட்டலத்தை எடுத்து வந்து அவள் மூக்குக்கு நேராக நீட்டினார். "நீயே மோந்து பாரும்மா."

மோந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. சளி பிடித்திருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்தச் சளி அப்புறம் போகவே இல்லை. அது சளி இல்லை என்று யாராவது சொல்வதற்குள் நாலைந்து வருஷம் ஓடிவிட்டது.

அப்போது அவளுக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. வீடு திண்டிவனத்தில். வேலை விழுப்புரத்தில், ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புவாள். கணவன் சவரிநாதன் மின்வாரியத்தில் லைன்மேன். ஒரே மகள் சகாய பிரியா பெங்களூரில் வேலை பார்த்தாள். ஊருக்குத் தெரிந்த இன்னொரு விஷயம், திண்டிவனத்துப் பங்குக் கோயிலில் பாடகர் குழுவுக்குக் கை காட்டுபவள் அவள்தான் என்பது. எந்தக் குரல் எப்போது ஏறவேண்டும், எங்கே நிற்கவேண்டும், எங்கே மூச்சு வாங்கவேண்டும் என்று நின்ற இடத்திலிருந்தே கையால் சொல்பவள். இருபது வருஷத்துக்கு மேலாக அந்த இடத்தில் நின்றாள்.

அவள் பிறந்தது அனந்தபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். மல்லாட்டையும் கேப்பையும் விளையும் பூமி. இசைக்கும் அந்தக் குடும்பத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. லேப் டெக்னீசியன் படிப்பதற்காகச் சென்னைக்குப் போய் விடுதியில் தங்கியிருந்தபோது, ஒரு சாயங்காலம் ஏதோ ஒரு கோயிலின் பக்கச் சுவரை ஒட்டி நடந்துகொண்டிருந்தாள். உள்ளே ஒத்திகை நடந்தது. அதுவரை அவள் கேட்ட பாட்டுகளில் ஒருவர் பாடுவார், மற்றவர்கள் பின்னால் போவார்கள். அங்கே நான்கு குரல்கள் நான்கு வழியில் போயின. ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்கியது. ஒன்று பேசாமல் நின்றபோது மற்றொன்று அதைத் தாண்டி ஓடியது. பிரிந்துபோய்விட்டன என்று நினைத்த நேரத்தில் நான்கும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. அவளுக்கு அழுகை வந்தது. விடுதிக் கதவு சாத்தும் நேரம் தாண்டும்வரை அந்தச் சுவரோரம் நின்றாள். மறுநாள் வார்டன் அம்மாவிடம் வாங்கிய திட்டு அவள் காதில் விழவே இல்லை.

அதன்பிறகு பழைய புத்தகக் கடைகளில் தேடி, ஐந்து கோட்டில் இசை எழுதக் கற்றுத்தரும் புத்தகங்களை வாங்கினாள். புரியாததைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தாள். கல்யாணமாகித் திண்டிவனத்துக்கு வந்தபோது பெட்டியில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் அந்தப் புத்தகங்கள் இருந்தன. சவரிநாதன் அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கம்பி மேல காக்கா உக்காந்துக்கினு இருக்கற மாதிரி இருக்கு" என்றான். லைன்மேனுக்குத் தோன்றக்கூடியதுதான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

பங்கில் அப்போது கை காட்ட ஆளில்லை. ஆளில்லாததால்தான் அவளுக்குக் கிடைத்தது. ஆண்களுக்குப் பிடிக்கவில்லை. முண்டியம்பாக்கத்துச் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்த அப்பாதுரைதான் வெளிப்படையாகச் சொன்னார். "பொம்பள கை காட்டி நான் வாயத் தொறக்கணுமா?" சொல்லிவிட்டு வெளியே போனார். பங்கிலேயே கீழ்க்குரலில் நின்று பாடக்கூடிய ஒரே தொண்டை அவருடையது. ஒரு வருஷம் வரவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய அடுத்த தவக்காலத்தில் ஒருநாள் ஒத்திகை நடந்துகொண்டிருக்கும்போது வந்து, கடைசி வரிசையில் நின்று பாட ஆரம்பித்தார். அன்றிலிருந்து அவளை "மாஸ்டரம்மா" என்றுதான் கூப்பிட்டார்.

அவளுக்கு மெட்டுகள் வந்தது பெரும்பாலும் ரயிலில். மயிலம் தாண்டும்போது ஒரு துண்டு வரும். விக்கிரவாண்டிக்குள் அது வளர்ந்துவிடும். கைப்பையை மடியில் வைத்து அதன்மேல் தாளை வைத்து எழுதுவாள். யாராவது, "இந்தப் பாட்டு நீங்க போட்டதாமே" என்று கேட்டால், "நான் எங்க போட்டேன்? அவரு குடுத்தாரு, எழுதிக்கினேன்" என்பாள். அடக்கத்துக்காகச் சொன்னதில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நம்பினாள். தனக்கு ஒருவர் கொடுத்துக்கொண்டிருக்கிறார், வாங்கிக்கொள்ளும் அளவுக்குக் கையைத் தயாராக வைத்திருப்பது மட்டும்தான் தன் வேலை என்று நினைத்தாள்.

அப்படி வந்தவற்றில் பெரியது ஒன்று. சிலுவையடியில் நிற்கும் தாயின் புலம்பல். பெரிய வெள்ளியன்று கோயிலில் மணியும் அடிக்காது, கீபோர்டும் வாசிக்க மாட்டார்கள். வாத்தியமே இல்லாமல் மனிதக் குரல் மட்டும் வைத்து, அன்று மக்கள் வரிசையில் வந்து சிலுவையை முத்தமிட்டு முத்தி செய்கிற நேரம் முழுவதற்கும் ஒரு பாட்டு எழுத ஆசைப்பட்டாள். வார்த்தையும் அவளுடையதே.

'கூப்பிடு தூரத்தில் இருக்கிறாய் மகனே,
கூப்பிட்டால் வரமுடியாத இடத்தில் இருக்கிறாய்.'

இந்த இரண்டு வரிதான் அதன் உயிர். அதை வைத்துக்கொண்டு பல வருஷம் எழுதினாள். எழுதியதை அடித்தாள். பாதியில் சகாய பிரியாவின் கல்யாணம் வந்தது, கொரோனா வந்தது, குழுவில் இரண்டு பேர் போய்ச்சேர்ந்தார்கள். ஆண்களின் மேல்குரலான டெனர் பாடிய ஒருவர் வளவனூருக்குக் குடிபெயர்ந்தார். இருந்தவர்களை வைத்து ஒத்திகையைத் தொடங்கினாள்.

எழுத்து சிறுத்துக்கொண்டே போவதை முதலில் பார்த்தது புனிதா. அங்கன்வாடியில் வேலை செய்பவள், பெண்களின் தாழ்ந்த குரலுக்குத் தலைவி மாதிரி. நகலெடுத்துக் கொடுத்த தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"என்னாக்கா, வரவர எறும்பு மாதிரி எழுதுறீங்க. மொதப் பக்கம் நல்லா இருக்கு. இங்க வந்தா ஒண்ணுமே தெரியல."

செல்வி தாளை வாங்கிப் பார்த்தாள். வரி தொடங்கும் இடத்தில் புள்ளிகள் மிளகு மாதிரி இருந்தன. வரி முடிகிற இடத்தில் கடுகுகூட இல்லை. தாளை மிச்சம் பிடிப்பதற்காகத் தானே அப்படி எழுதிவிட்டதாக நினைத்தாள்.

அப்புறம் ரயிலில் ஒரு வயதான அம்மாள். மாலை வண்டியில் எதிரில் உட்கார்ந்து செல்வியின் மடியையே பார்த்துக்கொண்டு வந்தவர், பேரணி ஸ்டேஷன் தாண்டியதும் கேட்டார். "நீங்க கிறிஸ்டியனாம்மா? ஜெபமால இல்லாமலே உருட்டிக்கினு வர்றீங்க."

செல்வி குனிந்து பார்த்தாள். வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகவே உரசிக்கொண்டிருந்தன. மணி உருட்டுவது போலவேதான் இருந்தது. அவள் உருட்டவில்லை. நிறுத்த நினைத்தாள். நின்றது. ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் விரல்கள் மறுபடி ஆரம்பித்திருந்தன.

பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சவரிநாதன்தான் கூட்டிக்கொண்டு போனான். டாக்டர் இளம்பெண். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டிக் காட்டச் சொன்னார். நடந்து காட்டச் சொன்னார். மனதில் தோன்றும் ஒரு வரியை எழுதச் சொன்னார். செல்வி எழுதினாள். டாக்டர் அந்தத் தாளைத் திருப்பி வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"வாசனை எல்லாம் தெரியுதா உங்களுக்கு?"

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் ஒன்றாக விளங்கியது. நோய் பல வருஷத்துக்கு முன்னாலேயே தொடங்கி, சத்தமில்லாமல் உள்ளே நடந்துவந்திருக்கிறது.

"பார்க்கின்சன்னு சொல்லுவாங்க. நடுக்குவாதம். உயிருக்குப் பயமில்ல. மெதுவாத்தான் போகும். மாத்திரை இருக்கு. ஆனா முழுசா குணமாகாது, அத நான் இப்பவே சொல்லிடறேன்" என்றார் டாக்டர்.

"கை காட்டலாமா டாக்டர்?"

"யாருக்கு?"

சவரிநாதன்தான், "கோயில்ல பாட்டுக்குங்க" என்றான். டாக்டர் புரிந்தும் புரியாமலும் தலையாட்டினார். முடிந்தவரை எல்லாம் செய்யுங்கள் என்றார்.

வெளியே வந்து மரத்தடியில் நின்றபோது சவரிநாதன், "பிரியாவுக்கு ஃபோன் பண்ணட்டுமா?" என்று கேட்டான்.

"யாருக்கும் வேணாங்க. பெரிய வெள்ளி முடியட்டும்."

வேலையில் மறைக்க முடியவில்லை. ஊசி ஏற்றும்போது கை ஆடவில்லை, ஆனால் ஊசியைப் பிரித்துப் பொருத்துவதற்குள் நேரமாகிவிடுகிறது. நரம்பு தேடும் விரல் சொன்னதைக் கேட்பதில்லை. ஒருநாள் ஒரு சர்க்கரை நோயாளி மூன்று முறை குத்து வாங்கிவிட்டு, "இன்னொரு ஆளக் கூப்டுங்கம்மா" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். நிலையத்துக்காரர் நல்ல மனிதர். அவளை முன்னால் மேசைக்கு மாற்றினார், பெயர் கேட்டு உட்கார வைக்கிற வேலை. செல்வி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தவக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது.

பாட்டின் மூன்றாம் பகுதி முடியும் இடத்தில் 'மகனே' என்ற சொல்லை எல்லாக் குரல்களும் நீட்டிப் பிடிக்கவேண்டும். அவள் வலது கை அசையாமல் மேலே நிற்கும். அது நிற்கும்வரை குரல் நிற்கும். அது இறங்கியதும் எல்லாம் அடங்கி, அப்பாதுரையின் கீழ்க்குரல் மட்டும் தனியாகத் தொடங்கும். அந்தக் காத்திருத்தலுக்காகத்தான் பாட்டே. ஒத்திகையில் கையை உயர்த்தினாள். முதலில் கை நன்றாக நின்றது. நின்றுவிட்டதென்று நம்பத் தொடங்கியதும், எங்கிருந்தோ வந்ததுபோல நடுக்கம் வந்தது. மேல்குரல் பெண்கள் அதை முடிக்கும் சைகை என்று எடுத்துக்கொண்டு நிறுத்திவிட்டார்கள். புனிதாவின் பக்கம் இன்னும் பாடிக்கொண்டிருந்தது.

"யாரு நிறுத்தச் சொன்னாங்க?"

"கை அசஞ்சிச்சேக்கா" என்றாள் புனிதா, அவர்களுக்காக.

"அசஞ்சா நிறுத்திடுவியா? இத்தினி வருஷமா என்னாத்தப் பாத்துப் பாடினே நீ? காதும் இல்ல, கண்ணும் இல்ல."

இருபது வருஷத்தில் அவள் யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. நிறுத்தியதும் புனிதா இல்லை. புனிதாவின் கண் நிறைந்துவிட்டது. தாளைப் பார்ப்பது போல முகத்தை மறைத்துக்கொண்டாள். செல்விக்கு மன்னிப்புக் கேட்க வாய் வந்தது. கேட்டால் காரணம் சொல்லவேண்டும். "மறுபடி மொதல்லேருந்து" என்று மட்டும் சொன்னாள். கடைசி வரிசையில் அப்பாதுரை தாளைப் பார்க்காமல் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சவரிநாதனுக்கு மாத்திரைமேல் நம்பிக்கை போதவில்லை. குணமளிக்கும் வழிபாடு ஒன்று செஞ்சிப் பக்கம் நடக்கிறது என்று கேள்விப்பட்டுக் கூட்டிக்கொண்டு போனான். பந்தலில் ஆயிரக்கணக்கானவர்கள். பாக்ஸ் ஸ்பீக்கரில் கீபோர்டும் டிரம்ஸும் அதிர்ந்தன. யார்யாரோ அவள் தலையில் கை வைத்தார்கள். பக்கத்தில் ஒரு பெண் வாய்விட்டு அழுதாள். செல்வியும் மனதைக் கூட்டி ஜெபிக்கப் பார்த்தாள். 'எனக்குக் குணம் வேண்டாம். பெரிய வெள்ளி சாயங்காலம்வரை இந்தக் கையைக் கொடு, அப்புறம் எடுத்துக்கொள்' என்று கேட்டாள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே காது, கீபோர்டுக்காரன் தப்பான சுரத்தில் நின்றுகொண்டிருப்பதைக் கண்டுபிடித்து அதையே பிடித்துத் தொங்கியது. ஜெபம் எங்கேயோ நழுவிப்போய்விட்டது. திரும்பி வரும்போது பேருந்தில் சவரிநாதன், "கொஞ்சம் தேவலாமா?" என்று கேட்டான். "ம்" என்றாள். அவன் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல முடியவில்லை.

பெரிய வெள்ளிக்கு மாத்திரையைக் கணக்குப் பண்ணி வைத்திருந்தாள். போட்ட கொஞ்ச நேரத்தில் கை கேட்கத் தொடங்கும், இரண்டு மணி நேரம் போல நன்றாக இருக்கும், பிறகு வடியும். வழிபாடு மூன்று மணிக்கு. இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வாசகம், பிரசங்கம், மன்றாட்டு, அதற்கப்புறம்தான் சிலுவை முத்தி. அதற்கேற்ப நேரம் பார்த்துப் போட்டாள். பங்குத்தந்தை லூர்து பிரகாஷ் வயதில் சிறியவர், கலகலப்பானவர், எப்போதும் சுருக்கமாகப் பேசுபவர். அன்று பிரசங்கத்துக்கு வெளியூரிலிருந்து வயதான ஒரு குருவை அழைத்திருந்தார். அவர் நன்றாகத்தான் பேசினார். நிறுத்தத்தான் தெரியவில்லை. வெயிலில் கோயில் நிரம்பி வெளியே பந்தலிலும் ஆட்கள் நின்றார்கள். செல்வி பாடகர் குழுவுக்கு முன்னால் உட்கார்ந்தபடி, வலது கை மெல்ல மெல்ல மரக்கட்டையாவதை உணர்ந்துகொண்டிருந்தாள். இன்னொரு மாத்திரை கைப்பையில் இருந்தது. கைப்பை சவரிநாதனிடம். அவன் ஆண்கள் பக்கத்தில், கூட்டத்துக்கு நடுவில்.

சிலுவை வந்தது. மக்கள் எழுந்து வரிசையில் நின்றார்கள். அவள் எழுந்து நின்று கையைத் தூக்கினாள்.

முதல் பகுதி வந்தது. அவள் கனவு கண்ட மாதிரியே வந்தது. நான்கு குரலும் வாத்தியத்தின் துணையில்லாமல், அந்த உயரமான கூரைக்குக் கீழே தங்கள் காலில் தாங்களே நின்றன. சென்னையில் அந்தச் சுவரோரம் நின்ற பெண்ணுக்கு இப்போது நான் கொடுக்கிறேன் என்று ஒரு நொடி நினைத்தாள். இரண்டாம் பகுதியில் கை கனத்தது. இடது கையை அதிகமாகப் பயன்படுத்தினாள். குழுவுக்கு அது பழக்கமில்லை, ஆனாலும் பின்னால் வந்தார்கள். மூன்றாம் பகுதியின் முடிவில் 'மகனே' என்று எல்லாரும் பிடித்தார்கள். வலது கை மேலே நின்றது.

பிறகு ஆடத் தொடங்கியது. விரல் மட்டுமில்லை, மணிக்கட்டிலிருந்து முழுக் கையும். இடது கையால் அதைப் பிடித்தாள். அதுவும் சேர்ந்து ஆடியது. மேல்குரல் பாதிப்பேர் நிறுத்தினார்கள், பாதிப்பேர் தொடர்ந்தார்கள். டெனர் அடுத்த பகுதிக்குப் போய்விட்டது. திட்டு வாங்கிய பயத்தில் புனிதாவின் ஆட்கள் மட்டும் மூச்சு முட்ட அந்த ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லாரும் அவள் கையையே பார்த்தார்கள். அது ஒரு தாளமும் சொல்லவில்லை. ஒவ்வொரு குரலாக விழுந்தது. கடைசியில் அப்பாதுரை தன் தனி வரியைத் தொடங்கினார், யாராவது வந்து சேர்ந்துகொள்வார்கள் என்று. சேரவில்லை. அவரும் நின்றுவிட்டார்.

அந்த மௌனம் நீளமாக இருந்திருக்காது. பீடத்திலிருந்து ஃபாதர் லூர்து பிரகாஷ் மைக்கை வாங்கி, எல்லாருக்கும் தெரிந்த ஒரு பழைய தவக்காலப் பாட்டை எடுத்துக் கொடுத்தார். கெட்ட எண்ணத்தில் இல்லை. வழிபாடு நிற்கக்கூடாது என்பதற்காக. முதல் வரியிலேயே கோயில் முழுக்கப் பிடித்துக்கொண்டது. வெளியே பந்தலில் நின்றவர்களும் பாடினார்கள். அவ்வளவு நேரம் வாயைத் திறக்க வழியில்லாமல் நின்ற ஜனங்களுக்கு அது எவ்வளவு ஆறுதல் என்று அந்தச் சத்தத்திலேயே தெரிந்தது. செல்வி கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, குழுவைப் பார்த்தபடி நின்றாள். குழுவும் பாடியது. வேறென்ன செய்யும்?

முடிந்து வெளியே வந்தபோது, தெரிந்த ஒரு அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டார். "பாட்டு நல்லா இருந்துச்சும்மா. கொஞ்சம் சீக்கிரம் முடிச்சிட்டே." சுற்றிலும் பார்த்தாள். யாருடைய முகத்திலும் எதுவும் இல்லை. உடைந்துபோன ஒரு பாட்டைக் கேட்டோம் என்று கோயிலில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவளுக்கு அதுதான் தாங்கவில்லை. சவரிநாதன் பைக்கை எடுக்கப் போயிருந்தான். அவன் வரும்வரை மாதா கெபியின் பின்பக்கம் சுவரைப் பார்த்து நின்றாள்.

ஈஸ்டர் முடிந்து ஃபாதர் வீட்டுக்கே வந்தார். அதற்குள் விஷயம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சவரிநாதன்தான் புனிதாவிடம் சொல்லியிருந்தான். புனிதா வந்து அழுதுவிட்டுப் போனாள். ஃபாதர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கொடுத்த காபியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"இருதயசெல்விம்மா, நீங்க கொஞ்ச நாளைக்கு ரெஸ்ட் எடுங்க. புனிதா பாத்துக்கட்டும். எளிமையான பாட்டா எடுத்துக்கலாம், கீபோர்ட் வச்சிக்கினு. ஜனங்களும் கூடப் பாடணும் இல்லீங்களா?"

"சரிங்க ஃபாதர்."

"ஆண்டவர் உங்கள விட்டுட மாட்டாரு."

அவர் போனபிறகு, ஆறிப்போன காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போகும்போது சவரிநாதனிடம் சொன்னாள், "நான் கேக்கறத நிறுத்திட்டேங்க."

"யார்கிட்ட?"

"அவர்கிட்டத்தான். ஒரு சாயங்காலம்தான் கேட்டேன்."

கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. பெண்கள் பக்கத்தில், தூணை ஒட்டி உட்கார்ந்தாள். பாட்டு வரும்போது வாயசைத்தாள். அப்பாதுரை கொஞ்சநாள் முயற்சி பண்ணினார். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் செல்வி வீட்டிலேயே கூடிப் பாடலாம் என்று ஆட்களைத் திரட்டினார். முதல் வாரம் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். அவள் உட்கார்ந்தபடி இடது கையால் காட்டினாள். அடுத்த வாரம் ஒருவர் வீட்டில் காது குத்து, ஒருவருக்கு ஓவர்டைம். மழைக்காலம் வந்ததும் அதுவும் நின்றது. புனிதா மட்டும் சில வாரம் வந்து, பாடாமல், காய் நறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். மெட்டு வருவது நின்றிருந்தால் போதும். அது நிற்கவில்லை. முன்னைவிட அதிகமாக வந்தது. பாத்திரம் கழுவும்போது வந்தது, மாத்திரைக்குக் காத்திருக்கும் நேரத்தில் வந்தது. நான்கு குரலோடு முழுசாக வந்தது. எழுத உட்கார்ந்தால் இரண்டாம் கோட்டிலேயே புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மை தீற்றலாகிவிடும்.

சகாய பிரியா ஃபோனில் சொன்னாள், "எதுக்கும்மா எழுதறே? பாடி ரெக்கார்ட் பண்ணு. ஒவ்வொரு குரலா தனித்தனியா பாடு. நான் சேத்துத் தர்றேன்."

அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஒரு மதியம் சவரிநாதன் மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஃபோனை அவள் முன்னால் தலையணைமேல் சாய்த்து வைத்து, சிவப்புப் பொத்தானை அழுத்தினான். அவள் கண்ணை மூடிக்கொண்டு மேல்குரல் வரியைப் பாடினாள். மனதில் கேட்டதைக் கேட்டபடியே, ஏற்ற இறக்கத்தோடு பாடி முடித்தாள். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. "போடுங்க, கேப்போம்" என்றாள்.

ஃபோனிலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது. காற்று அதிகம், சத்தம் குறைவு. ஏறவேண்டிய இடத்தில் ஏறவில்லை. இறங்கவேண்டிய இடத்தில் இறங்கவில்லை. ஒரே தட்டையாக, யாரோ அடுத்த அறையில் முனகுவது மாதிரி இருந்தது. நோய் குரலுக்குள்ளும் போயிருந்தது. உள்ளிருந்து கேட்டவளுக்கு அது தெரியவில்லை.

"ஃபோன் மைக்கு சரியில்ல" என்றான் சவரிநாதன்.

"மைக்கு நல்லாத்தாங்க இருக்கு."

"இன்னொரு வாட்டி பாடிப் பாரு செல்வி."

"வேணாம். ஃபேனப் போடுங்க, புழுங்குது."

அவன் எழுந்து மின்விசிறியைப் போட்டான். பிறகு ஒரு பேனாவும் தாளும் எடுத்து வந்து, "நீ சொல்லு, நான் எழுதிக்கறேன். ச, ரி, க, ம அப்டின்னு சொல்லு போதும்" என்றான். அவள் சொன்னாள். அவன் எழுதினான். எந்த ச, மேலேயா கீழேயா என்று கேட்டான். எத்தனை நீட்டல் என்று கேட்டான். அவன் கேட்டு முடிப்பதற்குள், தலைக்குள் இருந்த மற்ற மூன்று குரல்களும் கலைந்துபோய்விட்டன. அரைப்பக்கம் எழுதியபின் அவள் அவன் கையிலிருந்து பேனாவை மெல்ல எடுத்து வைத்தாள். முப்பது வருஷம் கம்பத்தில் ஏறி இறங்கி உரமேறிய கை அது. அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்தபிறகு அவள் மெட்டு வருவதைப் பற்றி அவனிடம் பேசுவதையே விட்டுவிட்டாள். வரும். கேட்டுக்கொண்டே இருப்பாள். முடிந்துபோகும்.

வேலையை விட்டாயிற்று. இப்போது மாத்திரைக்கு மாதத்துக்கு ஒருமுறை முண்டியம்பாக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். போன தை மாதம் திரும்பி வரும்போது ரயில் நிலையத்தில், சிமெண்ட் பெஞ்சில் அப்பாதுரை உட்கார்ந்திருந்தார். காலை ஷிப்ட் முடிந்திருந்தது. அரவை நாட்கள், காற்றில் கருப்பஞ்சாற்றின் புளித்த நெடி இருந்திருக்கவேண்டும். அவளுக்குத் தெரியாது. சவரிநாதன் டிக்கெட் வாங்கப் போனான். அவள் நடந்து வந்து உட்காரும்வரை அப்பாதுரை எழுந்து நின்று காத்திருந்தார்.

"நல்லா இருக்கீங்களா மாஸ்டரம்மா?"

"இருக்கேன். கொயர்ல பாடப் போறதில்லையாமே நீங்க?"

"கீபோர்ட்காரன் எல்லாத்தையும் வாசிச்சிடுறான். என் கொரலுக்கு அங்க எடம் இல்ல." தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்த அம்மா புலம்பல் இருக்குதில்ல, அத ஆலையில வேல செய்யறப்போ பாடிக்கினே இருப்பேன். எனக்குக் கீழ வரி மட்டுந்தான தெரியும்? கூட வேல செய்யற பையன் கேக்கறான், 'இன்னாண்ண இது, பாட்டா, இல்ல தொண்டையச் சரி பண்றியா'ன்னு. நான் என்னான்னு சொல்றது? நீளமா ஒரே சுரத்துல நிக்குது, நாலு படி எறங்குது, மறுபடி நிக்குது. தனியாப் பாடினா அது பாட்டு மாதிரியே இல்ல மாஸ்டரம்மா."

"தனியாப் பாட எழுதினது இல்லையே அது."

"மேல என்னா போவும் அந்த எடத்துல? ஒரு வாட்டி சொல்லுங்களேன். கேட்டு ரொம்ப நாளாச்சி."

அவள் வாயைத் திறந்தாள். மதிய வெயிலில் நடைமேடை காலியாக இருந்தது. மேல்வரி அவளுக்குள் தெளிவாக, ஒரு சுரமும் பிசகாமல் நின்றது. அது வெளியே வந்தால் என்னவாக வரும் என்பதும் தெரிந்திருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

"நீங்க பாடுங்க. நான் கேக்கறேன்" என்றாள்.

அப்பாதுரை தொண்டையைச் செருமிவிட்டுப் பாடினார். அவர் குரலும் முன்போல இல்லை. மூச்சு பாதியில் விட்டுப்போனது. செல்வி மடியில் ஆடிக்கொண்டிருந்த கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு கேட்டாள். அவர் ஒரே சுரத்தில் நின்ற இடங்களில் எல்லாம் அவளுக்கு மற்ற மூன்றும் கேட்டன. அவருக்குக் கேட்கவில்லை. வெளியே கேட்டது ஒரு கிழவர் முனகுவது மட்டும்தான். டிக்கெட்டோடு வந்த சவரிநாதனுக்கும் அப்படித்தான் கேட்டிருக்கும். பெஞ்சின் ஓரத்தில் வந்து உட்கார்ந்து, ரயில் வருகிறதா என்று விழுப்புரம் பக்கம் பார்த்தான்.